நெருப்பிலே ஈயம் எங்கே போகிறது?



எரேமியா தீர்க்கதரிசன புத்தகத்தின் 6-ஆம் அதிகாரம் 29-ஆம் வசனத்தை நம்மில் பலர் வேகமாக வாசித்துக் கடந்துவிடுகிறோம். துருத்தி, நெருப்பு, ஈயம், புடமிடுகிறவன் ஆகிய நான்கும் அந்த ஒரே வசனத்தில் வருகின்றன. நெருப்பில் ஈயம் தீர்ந்துபோயிற்று, ஆனாலும் புடமிட்டவன் பட்ட பாடு வீணாயிற்று என்பது அதன் கருத்து. வேதபாட வகுப்பில் ஒரு சகோதரி கேட்டார்: "ஐயா, புடமிடுவது வெள்ளியைத்தானே? நடுவிலே ஈயம் ஏன் வருகிறது? அது எங்கே போயிற்று?" நல்ல கேள்வி. இந்த இதழின் பாடம் அதற்குப் பதில்தான். எருசலேமில் ஆரம்பித்தாலும் இந்தப் பதில் நம்மை அம்பத்தூர்ச் சந்துகளுக்கே கொண்டுவந்து விடும்.

பூர்வ காலத்தில் வெள்ளியின் பெரும்பகுதி ஈயத் தாதுவிலிருந்துதான் கிடைத்தது. தாதுவை உருக்கினால் முதலில் வருவது ஈயம். அதற்குள் கொஞ்சம் வெள்ளி ஒளிந்திருக்கும். இரண்டையும் பிரிக்க, எலும்புச் சாம்பல் போன்ற உறிஞ்சும் பொருளால் செய்த கிண்ணத்தில் அந்த உலோகத்தை வைத்து, சுமார் 900 முதல் 1000 டிகிரி சூட்டில் உருக்கி, துருத்தியால் காற்றை அதன்மேல் ஊதுவார்கள். அழுக்கான வெள்ளியைச் சுத்தம்பண்ணவும் இதே முறைதான்; அப்போது ஈயத்தை வெளியிலிருந்து சேர்ப்பார்கள். காற்றிலுள்ள ஆக்சிஜன் வெள்ளியைப் பிடிக்காது, ஈயத்தைப் பிடித்துக்கொள்ளும். ஈயம் ஆக்சைடாகி எண்ணெய்போல உருகி ஓடும். செம்பு முதலான மற்ற அழுக்குகளையும் தன்னோடு இழுத்துக்கொண்டு கிண்ணத்தின் சுவருக்குள் ஊறிப்போகும். கடைசியில் நடுவிலே ஒரு வெள்ளிமணி மட்டும் பளிச்சென்று நிற்கும். எரேமியா காட்டும் காட்சியில் இந்த வேலை கெட்டுப்போகிறது. ஈயம் முழுவதும் செலவாகிவிட்டது, அழுக்கோ பிரியவில்லை. உலைக்களத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்தான் இப்படிச் சொல்ல முடியும் என்பது என் எண்ணம். எசேக்கியேல் 22-ஆம் அதிகாரத்தில் வரும் உலையையும் இதோடு சேர்த்து வாசித்துப் பாருங்கள்.

அப்படி ஊறிப்போன ஆக்சைடுக்குக் கிரேக்கர் "லித்தார்கிரோஸ்" என்று பெயர் வைத்தார்கள். கல்வெள்ளி என்று பொருள். ஆங்கிலத்தில் அது லித்தார்ஜ் ஆயிற்று. நம்முடைய நாட்டுமருந்துக் கடைகளில் அதற்கு மிருதாரசிங்கி என்று பெயர். ஆக, ஈயம் அழியவில்லை. வேறு உடை உடுத்திக்கொண்டு வேறு இடத்துக்குப் போயிருக்கிறது.

மேலே போகுமுன் ஒரு வார்த்தை விளக்கம். தமிழில் ஈயம் என்ற ஒரே சொல்லால் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறோம். எபிரெயத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம். கனமாய், கருத்திருப்பது காரீயம். செங்கடலில் எகிப்தியர் அமிழ்ந்ததற்கு யாத்திராகமம் 15-இல் உவமையாக வருவது இதுதான். நம் பாட்டிமார் ரசம் வைத்த ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது, அதனால் கேடில்லை. ஆனால் காரீயம் விலை குறைவு என்பதால் சில வியாபாரிகள் அதைக் கலந்துவிடுவதுண்டு. புளியும் சூடும் சேர்ந்தால் காரீயம் ரசத்தில் இறங்கும். நம்பிக்கையான இடத்தில் வாங்காத சொம்பில் ரசம் வைக்காதிருப்பது நல்லது. (பென்சிலுக்குள் இருப்பது காரீயமே அல்ல, அது கரியின் ஒரு வகை. பென்சிலைக் கடிக்கிற பிள்ளைகளின் தாய்மார் அந்தப் பயத்தை விட்டுவிடலாம்.) இந்தக் கட்டுரையில் இனி ஈயம் என்று வருவதெல்லாம் காரீயமே.

நிறங்களுக்கு வருவோம். நான் பி.யு.சி. படித்தபோது ஆய்வுக்கூடத்தில் லெட் நைட்ரேட் என்ற வெள்ளை உப்பைச் சோதனைக் குழாயில் போட்டுச் சூடாக்கச் சொல்வார்கள். படபடவென்று வெடித்துப் பழுப்புப் புகை கிளம்பும். அடியில் ஒரு பொடி நிற்கும். சூடாயிருக்கையில் அது செம்பழுப்பாகத் தெரியும், ஆறினதும் மஞ்சளாகிவிடும். அதுவும் ஈய ஆக்சைடுதான். ஓர் ஈய அணுவுக்கு ஓர் ஆக்சிஜன் அணு.

இதிலே ஒரு விசேஷம் உண்டு. ஒன்றுக்கு ஒன்று என்ற இதே கணக்கில் சிவப்பு ஆக்சைடும் இருக்கிறது, மஞ்சள் ஆக்சைடும் இருக்கிறது. எடைபோட்டுப் பிரித்துப் பார்த்தால் இரண்டிலும் ஒரே சரக்கு, ஒரே அளவு. அணுக்கள் அடுக்கப்பட்ட விதம்தான் வேறு. ஒரே சூளைச் செங்கல்லை ஒருவிதமாய் அடுக்கினால் சுவர், வேறுவிதமாய் அடுக்கினால் வளைவு என்பதுபோல. சாதாரணச் சூட்டில் நிலையாய் நிற்பது சிவப்பு அடுக்கு. ஏறக்குறைய 489 டிகிரிக்கு மேலே மஞ்சள் அடுக்குதான் நிற்கும். ஆனாலும் மஞ்சள் ஒருமுறை உண்டாகிவிட்டால் ஆறின பிறகும் நெடுநாள் மஞ்சளாகவே இருந்துவிடும். அடுக்கு மாறும்போது அந்தப் பொருள் விழுங்கிக்கொள்ளும் ஒளி மாறுகிறது. அது விழுங்காமல் விட்ட மிச்சத்தையே நம் கண் நிறமாகக் காண்கிறது.

லித்தார்ஜைக் காற்றுப்படும்படி 450 முதல் 500 டிகிரி வரை மணிக்கணக்காய்ச் சூடாக்கினால் இன்னும் கொஞ்சம் ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு பளீரென்ற ஆரஞ்சுச் சிவப்பாகும். இதுதான் செவ்வீயம்; கடைக்காரர் சொல்லும் ரெட் லெட். ரோமர் இதை மினியம் என்றார்கள். மத்திய காலத்துச் சந்நியாசிகள் வேதப் பிரதிகளைக் கையால் எழுதியபோது தலைப்பெழுத்துகளுக்கு இந்தச் சிவப்பைத்தான் தீட்டினார்கள். ஓரங்களில் வரைந்த சிறு படங்களுக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. சிறிய ஓவியத்தை மினியேச்சர் என்கிறோமே, அதன் வேர் சிறுமை அல்ல, இந்த மினியம்தான். செவ்வீயத்தை இன்னும் அதிகமாய்ச் சூடாக்கினால் வாங்கின ஆக்சிஜனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடியும் லித்தார்ஜ் ஆகிவிடும்.

செவ்வீயத்தில் நைட்ரிக் அமிலத்தை விட்டால் சிவப்பு மறைந்து, ஒரு பங்கு கரைந்து போகும். கரையாமல் சாக்லேட் நிறப் பொடி ஒன்று மிஞ்சும். கரைந்தது லித்தார்ஜின் பங்கு. மிஞ்சினது ஓர் ஈயத்துக்கு இரண்டு ஆக்சிஜன் கொண்ட லெட் டையாக்சைடு. அப்படியானால் செவ்வீயம் என்பது இரண்டு பங்கு லித்தார்ஜும் ஒரு பங்கு இந்தப் பழுப்பும் ஒரே படிகத்தில் சேர்ந்த கலப்புக் குடும்பம்.

இந்த நிறங்களுக்குப் பின்னால் ஓர் எடைக் கணக்கு இருக்கிறது. அதை மறவாதிருங்கள். 100 கிலோ லித்தார்ஜில், அது சிவப்பானாலும் மஞ்சளானாலும், ஏறக்குறைய 93 கிலோ ஈயம். 100 கிலோ செவ்வீயத்தில் சுமார் 91 கிலோ. பழுப்பில் சுமார் 87 கிலோ. கண்ணுக்கு மஞ்சள்தூள்போலவும் செங்காவிபோலவும் தெரிவதெல்லாம் பத்தில் ஒன்பது பங்கு உலோகம்தான்.

இனி அம்பத்தூர். 1960-களிலிருந்து இங்கே வளர்ந்த தொழிற்பேட்டையும், பாடி, ஆவடி பக்கத்து மோட்டார்த் தொழில்களும் நம் சபைகளில் எத்தனை குடும்பங்களுக்குச் சோறு போட்டன என்பது உங்களுக்குத் தெரியும். மோட்டார் இருக்குமிடத்தில் பேட்டரி இருக்கும். பேட்டரி இருக்குமிடத்தில் ஈய ஆக்சைடு இருக்கும். 1859-இல் பிளாந்தே என்ற பிரெஞ்சுக்காரர் ஈயத் தகடுகளை அமிலத்தில் வைத்து, மறுபடி சார்ஜ் ஏற்றக்கூடிய முதல் பேட்டரியைச் செய்தார். 1881-இல் ஃபோர் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் செவ்வீயத்தை அமிலத்தில் குழைத்துத் தகட்டின்மேல் பூசினார். மின்சாரத்தைப் பிடித்துவைக்கும் அளவு வெகுவாய் உயர்ந்தது. இன்றைக்கும் அடிப்படை அதுதான். ஆக்சைடுப் பொடியைக் குழைத்து ஈயச் சட்டங்களில் அப்பி உலர்த்துகிறார்கள். சார்ஜ் ஏற்றும்போது ஒரு பக்கத் தகடு கரும்பழுப்பு டையாக்சைடு ஆகிறது, மறுபக்கத் தகடு சாம்பல் நிற ஈயமாகவே திரும்புகிறது. பேட்டரி இறங்கும்போது இரண்டின்மேலும் வெள்ளை சல்பேட் படிகிறது. மறுபடி சார்ஜ் ஏற்றினால் மறுபடி பழுப்பும் சாம்பலும். சி.டி.எச். சாலையோரத்தில் பேட்டரி பார்க்கிறவர்கள் தகட்டின் நிறத்தைக் கண்டே அதன் ஆயுசைச் சொல்லிவிடுவார்கள். ரசாயனம் படிக்காமலே கற்ற ரசாயனம் அது.

2012-ஆம் ஆண்டு வாக்கில் இருந்த மின்வெட்டை மறந்திருக்க மாட்டீர்கள். வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது. அந்தப் பேட்டரிகளும் சில வருஷங்களில் பழசாயின. பேட்டரியின் எடையில் பாதிக்குமேல் ஈயம். ஆகவே பழையதற்கும் நல்ல விலை. ஒழுங்கான ஆலைகளில் புகையைப் பிடிக்கும் வடிகட்டிகளோடு உருக்கினால் அந்த ஈயம் மறுபடி நல்ல பேட்டரியாகும். துன்பம் வருவது கொல்லைப்புறத்தில். ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும். அதற்கு விறகடுப்பே போதும்.

நம் வார்டில் சில வருஷங்களுக்கு முன் ஒரு சகோதரர் அனுமதிக்கப்பட்டிருந்தார். வயது நாற்பது இருக்கலாம். விட்டுவிட்டு வரும் கடுமையான வயிற்றுவலி, மலச்சிக்கல், வெளுத்த முகம். வயிற்றில் தேடித்தேடி ஒன்றும் அகப்படவில்லை. நான் கட்டிலருகே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கையில், "என்ன வேலை செய்றீங்க தம்பி?" என்று கேட்டேன். பழைய பேட்டரி வாங்கி உடைத்து, வீட்டுக்குப் பின்னால் உருக்கி விற்பதாகச் சொன்னார். "உருக்குனா ஈயம் கீழ நின்னுடும் ஐயா. மேல ஆடை மாதிரி ஒரு மஞ்சக் கசடு வரும், கரண்டியால வழிச்சு ஓரமாப் போட்டுடுவோம். அது சும்மா பொடிதானே, வாசனைகூட இல்லையே" என்றார். அந்தக் கசடை மறுநாள் பெருக்குவது அவருடைய மனைவி. அதன் பக்கத்தில் மண்ணில் விளையாடுவது நான்கு வயதுப் பையன். எரேமியாவின் உலை அந்தக் கொல்லையில் எரிந்துகொண்டிருந்தது என்று எனக்கு அப்போது தோன்றிற்று. ஈயம் எங்கே போயிற்று என்பதற்கு விடையும் அங்கேயே இருந்தது. மருத்துவரிடம் சொன்னேன், இரத்தத்தில் ஈயத்தின் அளவைச் சோதித்தார்கள். தகப்பனுக்கு அதிகம். பிள்ளைக்கும் இருந்தது.

பிள்ளைகளுக்கு இது ஏன் அதிகக் கேடு? வயிற்றுக்குள் போகும் ஈயத்தில் பெரியவர் உடல் பத்தில் ஒரு பங்கு போல எடுத்துக்கொள்கிறது. சிறுபிள்ளையின் உடல் பாதிவரை எடுத்துக்கொள்ளக்கூடும். இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த பிள்ளையானால் இன்னும் அதிகம். ஏனென்றால் உடல் ஈயத்தைச் சுண்ணாம்புச்சத்து என்றே நினைத்து வரவேற்கிறது. லித்தார்ஜ் தண்ணீரில் எளிதில் கரையாது. வயிற்று அமிலத்திலோ கரையும். இரத்தத்திலிருந்து ஈயம் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும். எலும்பில் குடியேறியது பத்து இருபது வருஷங்கள் தங்கும். கர்ப்ப காலத்தில் தாயின் எலும்பு கரையும்போது, அவள் சிறுமியாயிருந்த நாளில் உண்ட ஈயம் வயிற்றுப் பிள்ளைக்குப் போய்ச்சேரும்.

அளவைக் கேட்டால் வியப்பீர்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு இரத்தம் ஏறக்குறைய 1.2 லிட்டர். 100 மில்லி இரத்தத்தில் 10 மைக்ரோகிராம் ஈயம் என்றால் மொத்த இரத்தத்திலும் 120 மைக்ரோகிராம். அது தூள் உப்பின் இரண்டு மணிகளின் எடை. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, 5 மைக்ரோகிராம் இருந்தாலே அது எங்கிருந்து வந்தது என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கேடற்ற அளவு என்று எதுவும் அறியப்படவில்லை.

இது நமக்குத் தூரத்துக் கதை அல்ல. சென்னையில் 3 முதல் 7 வயது வரையுள்ள 756 பிள்ளைகளைச் சோதித்த ஓர் ஆய்வு 2009-இல் வெளியானது. போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியினர் அதில் பங்குகொண்டார்கள். அந்தப் பிள்ளைகளின் சராசரி அளவு 11.4 மைக்ரோகிராம். ஈயம் கூடக் கூட, கவனக்குறைவும் பதற்றமும் கூடுவதாக ஆசிரியர்களின் மதிப்பீடுகள் காட்டின. வகுப்பில் "மந்தம், அடங்காதவன்" என்று பெயர் வாங்கி முட்டிபோடும் பிள்ளைகளில் எத்தனை பேர் உண்மையில் நோயாளிகளோ! ஞாயிறு பள்ளி ஆசிரியர்களும் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

பேட்டரி ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. பெட்ரோலில் ஈயம் கலந்திருந்த காலத்தில் வண்டிப் புகையோடு ஈயத்தூளும் வந்தது. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தபின் அந்த வாசல் அடைபட்டது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கலாகாது என்ற விதி 2016 நவம்பரில் பிறந்து, ஒரு வருஷம் கழித்து நடைமுறைக்கு வந்தது. தொழிற்சாலைப் பெயிண்டுக்கு அந்த விதி இல்லை. இங்கே ஒரு குழப்பத்தை நீக்க வேண்டும். ஆலய கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அடிக்கிற ரெட் ஆக்சைடு பிரைமரின் சிவப்பு பொதுவாக இரும்புத் துருவின் சிவப்பு. ரெட் லெட் என்பது வேறு. கப்பலுக்கும் பாலத்துக்கும் துருப்பிடிக்காதிருக்க அடித்துவந்தது. இரண்டும் செங்காவிபோலத் தோன்றும். வாங்கும்போது டப்பாவில் எழுதியிருப்பதை வாசியுங்கள். பழைய கேட்டைச் சுரண்டுவதானால் தண்ணீர் தெளித்து ஈரமாக்கிச் சுரண்டச் சொல்லுங்கள். பிள்ளைகள் அருகே நிற்க வேண்டாம்.

நம் எக்ஸ்ரே அறையிலும் ஈயம் உண்டு. டெக்னீஷியன் நின்று பார்க்கும் கண்ணாடியில் லித்தார்ஜ் கரைந்திருக்கிறது. அப்படிப்பட்ட கண்ணாடிகள் சிலவற்றில் எடையில் பாதிக்கும் மேல் அதுதான். கதிர் அவர்மேல் படாதபடி தடுப்பது அதுவே. கண்ணாடிக்குள் கட்டுண்ட ஈயம் தூசியாகப் பறப்பதில்லை. ஆகையால் ஈயத்தைக் கண்டவுடன் ஓட வேண்டியதில்லை. அது பொடியாயிருக்கிறதா, யார் கைக்கு எட்டுகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

அந்தச் சகோதரருக்கு மருத்துவர் முதலில் சொன்னது, அடுப்பை நிறுத்தச் சொல்லித்தான். ஈயத்தைச் சிறுநீரில் இழுத்து வெளியேற்றும் மருந்துகள் உண்டு. இரத்தத்தில் அளவு மிகவும் ஏறினவர்களுக்கு அவற்றைக் கொடுக்கிறார்கள். ஆனால் ஈயம் உள்ளே வந்துகொண்டேயிருந்தால் மருந்தால் பிரயோஜனமில்லை. பிள்ளையின் மூளைக்கு ஏற்கெனவே ஆன சேதத்தை மருந்து முழுதும் திருப்பிக் கொடுப்பதுமில்லை. பேட்டரி வேலை செய்கிற நம் சபையார் கவனிக்க வேண்டியவை எளியவை, செலவில்லாதவை. வேலை உடுப்போடு வீட்டுக்குள் வராதிருங்கள். குளித்து, மாற்று உடுத்தின பின்பே பிள்ளையைத் தூக்குங்கள். அந்த உடுப்பைத் தனியே துவையுங்கள். பட்டறையில் உட்கார்ந்து சாப்பிடுவதும் பீடி பிடிப்பதும் ஆகாது. தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் தூள் எழும்பும்; ஈரத் துணியால் துடையுங்கள். வீட்டில் கேழ்வரகு, முருங்கைக்கீரை, பால், முட்டை என்று இரும்பும் சுண்ணாம்பும் உள்ள ஆகாரம் இருக்கட்டும். வெறும் வயிற்றோடு பிள்ளையை விளையாட விடாதீர்கள். பசித்த வயிறு ஈயத்தை அதிகமாய் வாங்கும். வேலையில் இல்லாத மற்றவர்களுக்கும் ஒன்று உண்டு. உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி பழசானால் நூறு இருநூறு ரூபாய் அதிகம் தருகிறவரைத் தேடாமல், புதியது வாங்கும் டீலரிடமே கொடுத்துவிடுங்கள். பழையதை விற்பனையாளர் திரும்ப வாங்க வேண்டும் என்ற விதி 2001-இல் வந்தது. 2022-இல் வந்த புதிய விதிகள், சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் வைத்திருக்கின்றன.

1700-இல் ராமத்சீனி என்ற இத்தாலிய வைத்தியர் தொழிலாளரின் வியாதிகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். மண்பாண்டத்துக்கு மெருகு பூச ஈயத்தைச் சுட்டு அரைத்த குயவர்களின் கைகள் நடுங்கி, பிறகு செயலற்றுத் தொங்கினதை அவர் அதில் குறித்திருக்கிறார். நோயாளியிடம் வைத்தியர் வழக்கமாய்க் கேட்கும் கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்க்கச் சொன்னவரும் அவரே: உன் தொழில் என்ன? அவசர வார்டில் இளம் மருத்துவர்கள் இதைக் கேட்க நேரமில்லாமல் போகலாம். அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். உங்கள் தொழிலை மட்டும் சொல்லி நிறுத்திவிடாமல், வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள், பக்கத்துக் கொல்லையில் என்ன உருக்குகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.